முடிச்சு விழுங்கிய கோடு

என் அடையாள அட்டையில் 'சேஃப்டி சூப்பர்வைசர்' என்று போட்டிருக்கிறது. பிரித்துச் சொன்னால், பயப்படுவதற்குச் சம்பளம். புதுச்சேரியில் உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடித்துத் தரும் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை. ஆட்கள் மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டித் தொங்குவார்கள். அந்தக் கயிற்றை நான் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் தொங்க மாட்டேன். ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாட்டவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவன் நான்.

கான்ட்ராக்டர் என்னைப் பிடித்துப் போட்டதே அதற்காகத்தான். வேலை கேட்டுப் போன அன்று ஐந்தாவது மாடிக்குக் கூட்டிப்போய், கீழே எட்டிப் பார்த்து எத்தனை வண்டி நிற்கிறது என்று சொல்லச் சொன்னார். தண்ணீர்த் தொட்டிக் குழாயை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, "இங்கருந்தே தெரியுது சார்" என்றேன். நாளைக்கே வந்துவிடு என்றார். தைரியசாலிகள் அவரிடம் நிறையப் பேர் இருந்தார்கள். ஒரு பயந்தாங்கொள்ளிதான் இல்லை.

அதற்கு முன்னால் பதினோரு வருஷம் மில்லில் இருந்தேன், அது மூடுகிற வரைக்கும். டெஸ்டிங் ரூமில் வேலை. நூலை இரண்டு கவ்விக்கு நடுவில் மாட்டி, அறுகிற வரைக்கும் இழுத்து, எவ்வளவு தாங்கியது என்று எழுத வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நூலை அறுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த வேலை செய்தவனுக்கு எந்தக் கயிற்றைப் பார்த்தாலும் இது எப்போது அறும் என்றுதான் தோன்றும். என் கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சைத் தங்கச்சி போட்டு முடித்ததும், நான் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

டெஸ்டிங் ரூமில் ஒரு தொல்லை உண்டு. சில சமயம் நூல் அறாது, கவ்வியிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அப்படி வந்த கணக்கு செல்லாது. எழுதாமல் வேறு நூல் மாட்ட வேண்டும். நூல் வழுக்குகிறதா என்று தெரிய, கவ்வியின் வாயருகே பேனாவால் ஒரு கோடு போட்டு வைப்போம். கோடு நகர்ந்திருந்தால் அந்த நூலைக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்தது. பதினோரு வருஷமும் வழுக்கினதையெல்லாம் குப்பையில்தான் போட்டேன். அறுந்ததைப் பற்றி மட்டும் யோசித்தேன்.

கோடு போடுகிற பழக்கம் மட்டும் என்னோடு வந்துவிட்டது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனா இருக்கும். காலையில் கயிறு கட்டினதும், முடிச்சிலிருந்து மிச்சக் கயிறு வாலாக வெளியே வருகிற இடத்தில் ஒரு கோடு. எதற்கு என்று கேட்டால் எனக்கும் ஒழுங்காகப் பதில் தெரியாது. "மச்சான் கயித்துக்குப் பொட்டு வச்சிட்டாரு, முகூர்த்தத்த ஆரம்பிக்கலாம்" என்பான் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சி வீட்டுக்காரன். எங்கள் கம்பெனியில் தொங்குகிறவர்களில் அவன்தான் கெட்டிக்காரன். அவனுக்குக் காற்று ஒரு பொருட்டில்லை, உயரம் ஒரு பொருட்டில்லை, நான் சுத்தமாகவே பொருட்டில்லை. மேலே பெயிண்ட் கலக்கி வாளி இறக்கிக் கொடுக்க ஒரு அக்கா உண்டு. பாகூர்ப் பக்கம். நடவு, அறுவடைக்கு ஊரில் இருப்பார், மற்ற நாளெல்லாம் எங்களோடு. இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை வைத்துத்தான் பொழுதை ஓட்டினார்கள்.

நானும் அதற்கு வசதியாகவே நடந்துகொண்டேன். தினமும் ஒரு தடவையாவது கத்துவேன். ஒருநாள் கயிற்றில் வெட்டு இருக்கிறது என்று அலறி வேலையை நிறுத்தி, ஆளை மேலே ஏற்றினேன். பார்த்தால் நசுங்கின கட்டெறும்பு. அதிலிருந்து நான் வாயைத் திறந்தாலே, "மில்லு சங்கு ஊதிடுச்சு, டீ குடிக்கலாம்" என்பார் அக்கா. மாப்பிள்ளை இன்னும் ஒரு படி மேலே. நான் கத்தினால் தொங்குகிற பலகையில் உட்கார்ந்தபடியே இரண்டு குதி குதித்துக் காட்டுவான். மேலே தூணில் கயிறு எம்பி எம்பி அடங்கும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். கீழே அவன் சிரிக்கிற சத்தம் கேட்டால் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம்.

அப்போது எங்களிடம் இருந்தது பழைய நைலான் கயிறு. கட்டைவிரல் பருமன். ஆள் உட்கார்ந்தால் ரப்பர் மாதிரி அரை அடி நீண்டு கொடுக்கும், எழுந்தால் திரும்பிக்கொள்ளும். உப்புக் காற்றும் வெயிலும் பட்டு மேலெல்லாம் பிசிறு கிளம்பியிருந்தது. இழுத்துப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன், இரவில் கனவில் வரும். இதை மாற்றாவிட்டால் நான் வேலையை விட்டு நின்றுவிடுவேன் என்று கான்ட்ராக்டரை நான்கு மாதம் அரித்தேன். கடைசியில் புதுக் கயிறு வந்தது.

வெள்ளை வெளேரென்று, சுண்டுவிரல்கூட இல்லாத பருமன். நான் நம்பவில்லை. கொண்டுவந்த கம்பெனி ஆள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, லோடு ஏற்றின ஒரு குட்டியானை வண்டியை அந்தக் கயிற்றில் மாட்டி இன்னொரு வண்டியால் இழுத்துக் காட்டினார். கயிறு 'ம்' என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு விரற்கடைகூட நீளவில்லை. அதே எடைக்கு எஃகுக் கம்பியைவிடப் பல மடங்கு பலம் என்றார். தண்ணீரில் போட்டால் மிதக்கும், உப்பு ஒன்றும் செய்யாது, வெயிலும் அவ்வளவாகச் செய்யாது. சூடுதான் ஆகாது, சீக்கிரம் உருகிவிடும். எதில் செய்தது என்று கேட்டேன். தண்ணி பிடிக்கிற கலர் குடம் இருக்கிறதே, அதே பிளாஸ்டிக் இனம்தான் என்றார். குடத்தில் அது தாறுமாறாகச் சுருண்டு கிடக்கிறது; இதில் ரொம்ப நீளமான இழைகளாக்கி, இழுத்து இழுத்து எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்க வைத்துவிட்டார்களாம். அதுதான் பலத்தின் ரகசியமாம்.

தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. சோப்புத் தண்ணீரில் நனைத்த மாதிரி கையை விட்டு நழுவியது. எவ்வளவு வழவழப்பு என்று சந்தோஷப்பட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கயிற்றைப் பார்த்து எனக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

வந்தது ஒரே நீளக் கயிறு. இரண்டு முனையிலும் கம்பெனிக்காரர்களே பின்னிக் கொடுத்த வளையம், கொக்கி மாட்ட வசதியாக. குட்டியானையை இழுத்ததும் அந்த வளையங்களில் மாட்டித்தான். எங்களுக்கோ பலகையின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கயிறு வேண்டும். நடுவில் வெட்டிவிடலாம் என்று முடிவு பண்ணினோம். கத்தரிக்கோல் நழுவியது. புது பிளேடு மழுங்கியது. இவ்வளவு பலமா என்று எனக்கு இன்னும் பெருமை. கடைசியில் ரம்பத் தகட்டை அடுப்பில் காய்ச்சி வைத்ததும் வெண்ணெய் மாதிரி அறுந்தது. வளையம் உள்ள முனைகளைப் பலகையில் மாட்டினோம். வெட்டின முனைகளை லிப்ட் ரூம் தூணில், நைலானுக்கு எப்போதும் போடுகிற அதே முடிச்சைப் போட்டுக் கட்டினான் மாப்பிள்ளை.

அதோடு விட்டிருக்கலாம். முன்பெல்லாம் இடுப்பு பெல்ட்டின் கொக்கியைப் பலகைக் கயிற்றில் மாட்ட மாட்டோம். அதற்கென்று தனி நைலான் கயிறு, தனித் தூணில். பலகை போனாலும் ஆள் நிற்பான். அந்த நைலானைத்தான் நான் நம்பவில்லையே. இருக்கிறதிலேயே பலமானது இந்தப் புதுக் கயிறுதான், பெல்ட்டையும் இதிலேயே மாட்டு என்று சொன்னேன். மாப்பிள்ளைக்கு ஒரு கயிறு குறைந்ததில் சந்தோஷம். பழைய நைலான் பெயிண்ட் வாளி இறக்குகிற வேலைக்குப் போனது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. பயத்தில் செய்தேன்.

கோரிமேட்டுப் பக்கம் ஒரு ஆறு மாடி அடுக்ககம். மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் வரிசை, இன்னொரு பக்கம் தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரியும் என்று மாப்பிள்ளை சொல்வான். நான் தூரத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். காலையில் முடிச்சைப் போட்டு, சுவருக்குப் பூசுகிற பட்டி மாவு மூட்டையைப் பலகையில் வைத்துக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டோம். அசையவில்லை. ஒரு சாண் வால் விட்டு, இரண்டு முடிச்சிலும் கோடு போட்டேன். மாப்பிள்ளை பெல்ட்டை இடப்பக்கக் கயிற்றில் மாட்டிக்கொண்டு ஐந்தாம் மாடி மட்டத்துக்கு இறங்கினான்.

பதினோரு மணி வாக்கில் கடல் காற்று கிளம்பியது. கயிறு சுவரில் உரசுகிற இடத்தில் சாக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனவன், போகிற வழியில் தூணைப் பார்த்தேன். இடப்பக்க முடிச்சில் சிவப்புக் கோட்டைக் காணோம்.

முதலில் அழிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். குனிந்தேன். வால் ஒரு சாண் விட்டிருந்தோம். இப்போது நான்கு விரல் இருந்தது. கோடு அழியவில்லை, முடிச்சு அதை விழுங்கியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கயிறு லேசாக ஆடியது. கீழே மாப்பிள்ளை இடப்பக்கம் சாய்ந்து ரோலர் போடுகிறான் என்று அர்த்தம். வால் ஒரு நெல் அளவுக்கு உள்ளே போனது. கயிறு மறுபடியும் ஆடியது. இன்னொரு நெல்.

பதினோரு வருஷம் குப்பையில் போட்ட நூலெல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. இது அறாது. அறவே அறாது. குட்டியானை தொங்கினாலும் அறாது. பத்திரமாக, முழுசாக, ஒரு இழைகூட நோகாமல், முடிச்சிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். போகும்போது அதில் மாட்டின பெல்ட்டையும், பெல்ட்டுக்குள் இருக்கிற என் தங்கச்சி புருஷனையும் கூட்டிக்கொண்டு போகும்.

கத்த வாயைத் திறந்தேன். திறந்தபோதுதான் உறைத்தது. நான் கத்தினால் அவன் என்ன செய்வான்? குதிப்பான். இரண்டு குதி.

வாயை மூடினேன். பல் பல்லில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. அக்காவைப் பார்த்தேன். சங்கு ஏன் ஊதவில்லை என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். வாலைக் காட்டினேன். மூன்று விரல். அவர் பெயிண்ட் வாளியிலிருந்து நைலானைக் கழற்றி, அடுத்த தூணில் கட்ட ஆரம்பித்தார், மாட்டைக் கட்டுகிற முடிச்சு. பிறகு ஒரு சாக்கை எடுத்துப் புதுக் கயிற்றைச் சுற்றிப் பிடித்து, தூணில் இரண்டு காலையும் உதைத்து உட்கார்ந்துகொண்டார். ஆளைத் தாங்க அந்தப் பிடி போதாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கைப்பிடிச் சுவர் வரைக்கும் தவழ்ந்துதான் போனேன். எட்டிப் பார்த்தேன். ஆறு வருஷ வேலையில் அதுதான் முதல் தடவை. அவன் தலையும், தொப்பியும், அதற்கு அப்புறம் ரொம்பத் தள்ளி ஒரு ஸ்கூட்டரின் சீட்டும் தெரிந்தன.

போனைக் காதில் வைத்துக்கொண்டேன். அதில் சார்ஜ்கூட இல்லை.

"மாப்ள, தங்கச்சி லைன்ல இருக்கா."

வேலையாக இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லு என்றான் நிமிராமலேயே. ரோலர் இடப்பக்கம் போனது.

அவன் மயிலம் கோயிலில் குடியை விட்டதாகச் சத்தியம் பண்ணி ஐந்து மாதம் ஆகியிருந்தது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"உன் பையில பாட்டில் இருந்துச்சாம்."

ரோலர் நின்றது. காற்று மட்டும் அடித்தது. அவன் மெதுவாக நிமிர்ந்தான்.

"எந்தப் பையில?"

அவ்வளவு பயத்திலும் எனக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடப்பாவி, நிஜமாகவே இருக்கிறதா என்று நினைத்தேன். அதை அவளிடமே கேட்டுக்கொள், அழுகிறாள், சீக்கிரம் வா என்றேன். பலகையில் எழுந்து நிற்காதே, ஆடாதே, வலப்பக்கம் நகர்ந்து சன்ஷேடில் காலை வைத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள் என்றேன். என் குரல் ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரல் மாதிரி இருந்தது. அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. பெண்டாட்டிக்குப் பயந்தவனுக்கு மற்றதெல்லாம் கண்ணில் படாது.

பின்னால் அக்கா ஒரு வார்த்தை சொன்னார். "ரெண்டு."

அவன் வலப்பக்கம் நகர்ந்தான். ஒரு கால் சன்ஷேடில். கம்பியைப் பிடித்தான். இன்னொரு கால். பலகை லேசாக ஆடியது. பெல்ட் இன்னும் அந்தக் கயிற்றில்தான் இருந்தது. நான் நைலானை இறக்கினேன். பெல்ட்டை இதில் மாட்டிக்கொண்டு பால்கனிக்குப் போ என்றேன்.

"இது எதுக்கு? இத நீதான வேணாம்ன?"

"உன் பொண்டாட்டி கேட்டா நான் பதில் சொல்லணும். மாட்டுடா."

முணுமுணுத்துக்கொண்டே கொக்கியை மாற்றினான். அந்தச் சின்ன 'கிளிக்' சத்தம் ஆறாவது மாடிக்கு மேலே எனக்குக் கேட்டது. கேட்டிருக்காது, ஆனால் கேட்டது. நைலானின் நடுப்பகுதியை என் இடுப்பைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். எப்போது சுற்றினேன் என்று தெரியாது. வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் கை எதையாவது கட்டிக்கொள்ளாமல் இருக்க மறுத்தது. அவன் சன்ஷேடு ஓரமாக இரண்டு எட்டு வைத்து, பக்கத்துப் பால்கனிக் கம்பியைத் தாண்டினபோது நைலான் நீண்டு, என் வயிற்றை இறுக்கி, மறுபடியும் தளர்ந்தது. நான் நான்கு மாதம் திட்டின கயிறு.

அந்த வீட்டில் ஒரு வயசான சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். கண்ணாடிக் கதவைத் தட்டினவனைப் பார்த்து, வாசல் பக்கம் வரக்கூடாதா என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே விட்டாராம்.

மாப்பிள்ளை படியேறி மேலே வந்தான். வந்ததும் கையை நீட்டினான், போனுக்கு. கொடுத்தேன். செத்துப் போன திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அக்கா சாக்கை விட்டுவிட்டு எழுந்து, தூணைக் காட்டினார்.

அவன் போய்க் குனிந்தான். வால் ஒன்றரை விரல். பலகையும் வாளியும் மட்டும் தொங்கின. மூன்று பேரும் பலகையை மேலே இழுத்துப் போட்டோம். அவன் முடிச்சை அவிழ்க்கப் போனான். அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. தொட்டதும் பிரிந்து, வழவழவென்று அவன் காலடியில் விழுந்தது. முழுக் கயிறு. எங்கும் ஒரு கீறல் இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பெல்ட்டை அதில் மாட்டச் சொன்னது நான்தான் என்று நானே சொன்னேன். அவனுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் யாராவது சொல்ல வேண்டும். அவன் வேறு ஒன்று கேட்டான்.

"தெனமும் எறும்புக்கெல்லாம் கத்துவியே மச்சான். இன்னிக்கு ஏன் கத்தல?"

"இன்னிக்கு நிஜமாவே பயமா இருந்துச்சு."

அவன் தலையை ஆட்டினான். பிறகு மெதுவாக, பாட்டில் விஷயத்தை அவளிடம் யார் சொன்னது என்று கேட்டான். யாரும் சொல்லவில்லை, நானாக அடித்துவிட்டேன் என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போ நானேதான் உளறினேனா என்றான். கயிறு வழுக்கினதைவிட வாய் வழுக்கினதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

கம்பெனி ஆளுக்குப் போன் போட்டேன். வெட்டினீர்களா என்று அவர் இரண்டு தடவை கேட்டார். அந்த நாருக்கு வழுக்கல் அதிகம், பழைய முடிச்சுகள் அதில் பிடிக்காது, அதனால்தான் வளையம் பின்னிக் கொடுக்கிறோம் என்றார். கயிற்றோடு கொடுத்த தாளில் எழுதியிருக்கிறதாம். இருந்தது. கயிறு சுற்றி வந்த தாள். அதன் மேல்தான் நாங்கள் பக்கோடா வைத்துச் சாப்பிட்டோம். இப்போது இரண்டு முனையிலும் வளையம் வைத்தே இரண்டு கயிறு வந்திருக்கிறது. பெல்ட்டுக்குத் தனியாகப் புது நைலான், தனித் தூணில். அது நீண்டு கொடுப்பதுதான் ஆள் விழுந்தால் இடுப்பை உடைக்காமல் பிடிக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்ததால் பயம் குறையவில்லை. என்னென்ன விதமாகப் பயப்படலாம் என்பதில் ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவுதான். நான் கத்தினால் மாப்பிள்ளை இப்போதெல்லாம் குதிப்பதில்லை. எறும்பாக இருந்தாலும் மேலே வந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறான். அதுதான் எனக்கு இன்னும் அதிகப் பயம்.

தங்கச்சியிடம் நாங்கள் யாரும் எதையும் சொல்லவில்லை, இரண்டையுமே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே, உங்க வியாதி இவருக்கும் ஒட்டிக்கிச்சுண்ணே என்று அலுத்துக்கொண்டாள். என்ன என்று கேட்டேன். பின்பக்கம் போய்ப் பாருங்க என்றாள்.

துணி காயப் போடுகிற கொடி. ஜன்னல் கம்பியில் கட்டின முடிச்சில், வால் வெளியே வருகிற இடத்தில், சிவப்பாக ஒரு கோடு. நான்கு சட்டை, ஒரு புடவை, குழந்தையின் யூனிபார்ம் தொங்கின. கோடு போட்ட இடத்திலேயே இருந்தது. வால்தான் கொஞ்சம் குட்டை. சாப்பிட்ட கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். துணிக்கொடிதானே, சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன்.

உள்ளே போய்ச் சொன்னேன். அவன் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய் அவிழ்த்து, ஒரு சாண் விட்டு மறுபடியும் கட்டினான்.